படலையில் கொழுவியிருந்த மீன்

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் எனக்குக் கை கனக்கும். அன்றுதான் எங்கள் சபையில் திருவிருந்து. பிரசங்கம் முடிந்ததும் உட்கார்ந்திருக்கும் வாங்குகளை விட்டு வரிசை வரிசையாக எழுந்து எல்லோரும் முன்னால் போவார்கள். அங்கே ஒரு மரக் கிராதி இருக்கிறது. அதன் அடியில் முழங்காலிட்டு, இடக்கையின் மேல் வலக்கையை வைத்து, வெறும் உள்ளங்கையை நீட்ட வேண்டும். போதகர் ஒவ்வொரு கையிலும் ஒரு சிறு துண்டு அப்பத்தை வைத்துக்கொண்டு போவார். அவ்வளவுதான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அம்மா அதை எந்தச் சிரமமும் இல்லாமல் செய்கிறார். எனக்குப் பன்னிரண்டு வருடமாக அது வரவில்லை.

நம்பிக்கை இல்லாததால் அல்ல. பதினாறு வயதில் திடப்படுத்தல் வகுப்புக்குப் போனேன். கிருபை என்றால் என்ன என்று கேட்டபோது, தகுதி பார்க்காமல், விலை கேளாமல் கடவுள் தரும் தயவு என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னவள் நான் ஒருத்திதான். அந்த ஞாயிறு, புது வெள்ளைச் சட்டையுடன் கிராதியில் முழங்காலிட்டேன். அப்பத் தட்டு என் முன்னால் வந்தது. கை எழும்பவில்லை. கூப்பியது கூப்பியபடியே இருந்தது. வெட்கப்படுகிறேன் என்று நினைத்த போதகர், சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. போதகர்கள் மாறினார்கள். புதிதாக வருகிறவருக்கு யாரோ சொல்லிவைப்பார்கள் போலும். என் முன்னால் வந்ததும் அப்பத்தை விட்டுவிட்டுத் தலையைத் தொடுவார்கள். நான் கண்ணை மூடுவதில்லை. என் இரு பக்கமும் நீண்டிருக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துறைமுகத்தில் கிரீஸ் படிந்த நகங்கள். ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துத் துடைத்து வெளுத்த விரல்கள். மீன் முள் கீறிய தழும்புகள். அவற்றின் நடுவில் அந்த வெள்ளைத் துண்டு வந்து உட்காரும். ஒரு கவளம் சோறுகூட அல்ல அது. அதைப் பார்க்கும்போது எனக்கு வரும் பசியை வேறு எந்தச் சாப்பாட்டுக்கும் நான் உணர்ந்ததில்லை.

காரணம் எனக்குத் தெரியும்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, சண்டையால் தோப்பூர்ப் பக்கத்து எங்கள் ஊரை விட்டு வெளியேறினோம். அப்பா அங்கே பிறருடைய வயலில் கூலிக்கு நின்றவர். அகதி முகாமில் ஒரு நாள் பிள்ளைகளுக்குப் பணிஸ், இனிப்பு ரொட்டி, கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்தவருடன் கமெரா வைத்திருந்த ஒருவரும் வந்திருந்தார். படம் சரியாக விழவில்லையாம். கொடுத்தவர் என் கையிலிருந்த பணிஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இன்னொருக்கா கையை நீட்டு பிள்ளை, கொஞ்சம் மேல பார்" என்றார். நான் நீட்டினேன். மேலே பார்த்தேன். மூன்றாம் முறையும் நீட்டச் சொன்னபோது அப்பா வரிசையைப் பிளந்துகொண்டு வந்தார். என் கையிலிருந்த பணிஸை எடுத்து அந்த மனிதரிடமே கொடுத்தார். கூடாரத்துக்குள் என்னைக் கூட்டிவந்து, "இனி ஒருத்தரிட்டையும் கையை நீட்டக்கூடாது. விளங்கிச்சோ?" என்றார்.

எனக்கு விளங்கியது. அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் வளர்ந்தேன். பாலையூற்றுக்கு வந்து குடியேறிய பிறகு அப்பா, கரையில் நின்று பலர் கயிறு பிடித்து இழுக்கும் கரைவலைக்குப் போனார். கடலை அறியாத வயல்காரர், இரண்டு வருடத்தில் மீனைக் கூறு போடும் ஆளாக உயர்ந்தார். நான் படித்தேன். எங்கள் வீட்டில் பெருவிரல் வைக்காமல் கையெழுத்து வைத்த முதல் ஆள் நான்தான். கம்பஸுக்குப் போனதும், இன்று நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிப்பதும் யாரும் சும்மா தந்தவை அல்ல. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது; அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெருமையோடு நற்செய்தியை வாசிப்பது கடினம். திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுதும் வேலை செய்தவனுக்கும் கடைசி மணிநேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி என்ற உவமையைக் கேட்கும்போதெல்லாம், பிழையான விடைக்கு முழுப் புள்ளி போட்டதுபோல எனக்கு உறுத்தும்.

அப்பா சபைக்குள் வருவதில்லை. அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவார். ஆராதனை முடியும்வரை வெளியே வாகை மரத்தின் கீழ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாட்டுகளெல்லாம் அவருக்குத் தெரியும். உதடு அசைவதை ஜன்னல் வழியே கண்டிருக்கிறேன். "உள்ளுக்கு வாங்கோவன்" என்று அம்மா கேட்டால், "சைக்கிளை ஆர் பாக்கிறது?" என்பார். அந்தச் சைக்கிளுக்கு மணியும் இல்லை, பிரேக்கும் இல்லை. அவரையும் என்னையும் தடுத்தது ஒரே பணிஸ்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். கிராதியில் அவர் என் பக்கத்தில் முழங்காலிட்டால் எனக்குக் கை எழும்பும் என்றும் நினைத்துக்கொள்வேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் அப்பாவின் வலது தோள் போய்விட்டது. கயிறு இழுக்கும்போது ஏதோ அறுந்ததாம். இனிப் பாரம் இழுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தட்டை மடியில் வைத்து, தலையைக் குனிந்து குனிந்துதான் சாப்பிட்டார். அம்மா ஊட்டிவிட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டாவது வாரச் சனிக்கிழமை விடிய, வாசல் படலையில் ஒரு மீன் பை தொங்கியது. கூப்பிட்ட சத்தமும் இல்லை, ஆளும் இல்லை. கரைவலையில் ஒரு வழக்கம் உண்டு. மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வந்ததும், விற்கப் போகும் மீனைத் தொடுவதற்கு முன்னால், கயிறு பிடித்த எல்லோருக்கும் கறிக்கு ஒரு கூறு போட்டுவிடுவார்கள். அந்தக் கூறில் ஒன்றை யாரோ கொண்டுவந்து கொழுவிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா அதைக் காய்ச்சி, சந்தையில் வாங்கியது என்றார். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. மூன்றாம் சனிக்கிழமை அப்பா அம்மாவுக்கு முன்னால் எழும்பிவிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வா" என்று என்னைக் கூப்பிட்டார். பை அவருடைய இடக்கையில் தொங்கியது. "கரைக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா. இழுக்காத ஆளுக்குக் கூறு வேண்டாமாம் எண்டு சொல்லு."

"ஆரெண்டாலும் அவன் பாவம், ஆசையிலை கொண்டுவந்தவன்" என்றார் அம்மா குசினி அடுப்படியில் இருந்து.

"பாவமெண்டுதான் கொண்டுவந்தவன். அதுதான் வேண்டாம்."

எனக்கு அப்பா சொன்னது சரியாகவே பட்டது. சனிக்கிழமைகளில் எடுக்கும் பத்து மணி மேலதிக வகுப்புக்காகச் சேலை கட்டியிருந்தேன். பையை ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். வழியில், எங்கள் நகரத்துத் தெருக்களில் திரியும் மான்கள் நடுரோட்டில் படுத்திருந்தன. ஹோர்ன் அடித்தாலும் அவை எழும்புவதில்லை. சுற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

வலை பாதி வந்திருந்தது. இரண்டு கயிறுகளிலும் ஆட்கள் பின்னால் சாய்ந்து சாய்ந்து நடந்துகொண்டிருந்தார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, கிண்ணியாவைச் சேர்ந்தவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கயிற்றின் வால் பக்கத்தில் அப்பாவின் கூட்டாளி நின்றார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பையைக் கண்டதும் அவர் வேறு பக்கம் பார்த்தார். பையைக் கொழுவியது அவர்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாமா, அப்பா இதைத் திருப்பிக் குடுத்துவிட்டவர்."

"எதை?"

"மீனை."

"மீனைத் திருப்பிக் குடுக்கிறதெண்டால் கடலிட்டைத்தான் குடுக்கோணும். உங்கை கிடக்கு கடல். போடுங்கோ."

முன்னால் இழுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா சிரித்தாள். "கூட்டல் படிப்பிக்கிற டீச்சர் கழிக்க வந்து நிக்கிறா."

"பகிடி விடாதேங்கோ. இழுக்காத ஆளுக்குக் கூறு வேண்டாமாம்."

"ஆர், கொப்பரோ சொன்னவர்?" என்று மாமா கேட்டார். பதில் சொல்வதற்குள் நீரோட்டம் வலையைப் பிடித்து இழுத்தது. முன்னால் நின்ற இருவரும் மணலில் சறுக்கினார்கள். கயிறு என் கண்முன்னே கடலை நோக்கி ஓடியது. "பிடி, பிடி" என்று எல்லாப் பக்கமிருந்தும் சத்தம். நான் யோசிக்கவில்லை. பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தேன்.

ஒருமுறை பிடித்த பிறகு எப்போது விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் பின்னால் நடந்தார்கள், நானும் நடந்தேன். உள்ளங்கை எரிந்தது. சேலையின் கரை முழங்கால்வரை நனைந்து மணல் ஒட்டியது. கால் மணிநேரம் இருக்கும். மடி கரைக்கு வந்தபோது சூடை மீன்கள் வெள்ளி வெள்ளியாய்த் துள்ளின. நான் பிடித்ததால் ஒரு மீன்கூட அதிகம் வந்திராது. அதுவும் எனக்குத் தெரியும்.

இப்போது கூறு போடுவது மாமாதான். சாக்கை விரித்து மீனைக் குவியல் குவியலாக வைத்துக்கொண்டு போனார். ஒரு குவியலைக் காட்டி, "இது டீச்சருக்கு" என்றார்.

"ஐயோ வேண்டாம். நான் கடைசியிலைதானே பிடிச்சனான். அதுவும் தெரியாமல் பிடிச்சது."

சம்மாட்டி திரும்பினார். "தெரியாமப் புடிச்சாலும் புடிச்சதுதான் மகள். கயிறு தொட்ட ஆள வெறுங்கையோட அனுப்பினா நாளைக்கு என்ட வலையில ஒண்டும் படாது. எடுத்துக்கிட்டுப் போங்க, லொறி வரப் போகுது." அவருக்கு என்னோடு கதைக்க நேரம் இருக்கவில்லை.

"கொப்பரும் நீங்களும் ஒரே அச்சு" என்றார் மாமா. "எனக்குக் கால் முறிஞ்சு நாலு மாசம் கிடந்தனான். கொப்பர்தான் அப்ப கூறு போட்டவர். ஒவ்வொரு நாளும் என்ரை வீட்டுக்குக் கூறு வரும். ரோசத்திலை ஒரு நாள் திருப்பி அனுப்பினன். பின்னேரம் மனுசன் தானே தூக்கிக்கொண்டு வந்து நிண்டார். என்ன சொன்னவர் தெரியுமோ? 'இது கடலிட்டை இருந்து வாறது, என்ரை வீட்டிலை இருந்து இல்லை. வேண்டாமெண்டு சொல்ல நீ ஆர்?' எண்டவர். நான் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கினனான். சும்மா நிக்காமல் பிடியுங்கோ."

என்னிடம் பை இல்லை. முதல் பை மணலில் கிடந்தது, நிறைந்தபடி. மாமா இரண்டு கையாலும் மீனை அள்ளிக்கொண்டு நின்றார். நான் கைகளைச் சேர்த்து நீட்டினேன். குளிர்ந்து, வழுக்கி, உயிரோடு, மீன் என் கைகளில் விழுந்தது. சிரித்த அந்த அக்காதான் எங்கேயோ தேடி ஒரு சொப்பிங் பை கொண்டுவந்தாள். ஒரு பையைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் இரண்டு பைகளோடு ஸ்கூட்டியைத் திருப்பினேன். வகுப்பு பிந்தும் என்று பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பியபோது கைபேசியில் செதில் ஒட்டியது. அப்போதுதான் நான் கையை நீட்டியிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

அப்பா முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"குடுத்தனியோ?"

"எடுக்கேல்லை. இன்னும் ஒரு பை தந்துவிட்டவை."

"ஏன் வாங்கினனி?"

"கயிறு பிடிச்சனான்."

அவர் என் சேலையைப் பார்த்தார். பிறகு, "கையைக் காட்டு" என்றார். காட்டினேன். சிவந்து தடித்திருந்த கோட்டைப் பார்த்து, "இப்பிடி இறுக்கிப் பிடிக்கக்கூடாது" என்றார், தொழில்காரர் தொழில்காரருக்குச் சொல்வதுபோல. நான் மாமா சொன்னதைச் சொன்னேன். கடலிட்டை இருந்து வாறது என்ற அவருடைய சொல்லையே அவருக்குச் சொன்னேன்.

"அவன் அதை இன்னும் நினைவு வைச்சிருக்கிறானோ" என்றார். என் உள்ளங்கையைத் திரும்பவும் பார்த்து, "அந்தப் பணிஸ் உனக்கு ஞாபகமோ?" என்று கேட்டார். இருபது வருடத்தில் முதல் தடவை.

"ஓம்."

"நீ அண்டைக்குப் பசியோடை படுத்தனி."

"எனக்குப் பசிக்கேல்லை அப்பா."

"பசிச்சது. எனக்குத் தெரியும்."

அவர் குசினிப் பக்கம் திரும்பி, "சூடையைப் பொரிக்காதை. புளி விட்டு ஆக்கு" என்றார்.

வகுப்பு முடிந்து நான் வீட்டுக்கு வரும்வரை இருவரும் சாப்பிடாமல் இருந்தார்கள். அம்மா சோற்றையும் கறியையும் சட்டியிலேயே போட்டுக் குழைத்தார். குழையல் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் தட்டு இல்லை. அம்மா உருண்டை பிடித்துத் தருவார், கையில் வாங்கிச் சாப்பிட வேண்டும். முதல் உருண்டையை அப்பாவிடம் நீட்டினார். முகம் திரும்பவில்லை. அப்பா வலக்கையை எடுத்தார். தோள் அதைத் தாங்கவில்லை. அதனால் இடக்கையைக் கொண்டுவந்து அதன் கீழே முட்டுக்கொடுத்தார். இடக்கையின் மேல் வலக்கை. விரித்த உள்ளங்கை. அதன்மேல் அம்மா சோற்றை வைத்தார்.

நான் என் உருண்டையை வாங்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடவுள் தம் மகனையே எங்களுக்குத் தந்தார், அதை யாரும் சம்பாதிக்கவில்லை என்பதுதான் நற்செய்தி. சிறுவயதிலிருந்து இதைக் கேட்கிறேன். தருகிறவர் என்று சொல்லும்போதெல்லாம் என் மனதில் வந்து நின்றவர் கமெராவோடு வந்து பணிஸ் தந்த அந்த மனிதரே என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இன்னொருக்கா நீட்டு, மேலே பார் என்று சொல்லும் ஒரு கடவுளிடம் பன்னிரண்டு வருடமாக என் கையை மறைத்திருக்கிறேன். படலையில் கொழுவிவிட்டு, கூப்பிடாமல், நன்றியைக்கூட எதிர்பார்த்து நிற்காமல் போகிற ஒருவராக அவர் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கால் மணிநேரம் கயிறு பிடித்த என்னுடைய கணக்கில் அந்தக் கூறு வராது. என் படிப்பும் அப்படித்தானோ என்று யோசித்தேன். நான் இழுத்தேன், அது பொய்யில்லை. ஆனால் கடல் என்னுடையது அல்ல.

அடுத்த நாள் மாதத்தின் முதல் ஞாயிறு. அப்பாவால் சைக்கிள் ஓட்ட முடியாது என்பதால் மூவரும் ஓட்டோவில் போனோம். பார்த்துக்கொள்ளச் சைக்கிள் இல்லாத அப்பா, சபை வாசலில் கொஞ்சம் தயங்கினார். நான் அவருக்காகப் படியில் நின்றேன். "நீங்கள் போங்கோ" என்றார். வாகை மரத்தடிக்கே போனார்.

என் வாங்கின் முறை வந்தது. தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கழுவியும் கையில் சூடை மணம் போகவில்லை. கிராதியின் ஓரத்தில் முழங்காலிட்டேன். என் இடப்பக்கம் ஒரு ஆள் முழங்காலிடும் அளவுக்கு இடம் விட்டேன். போதகர் வந்து, பழக்கத்தில் என் தலைமேல் கையைத் தூக்கினார். நான் இடக்கையின் மேல் வலக்கையை வைத்து நீட்டினேன். கயிற்றுக் கோடு இன்னும் சிவந்திருந்தது. அவருடைய கை அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பிறகு தட்டுக்குப் போனது. அப்பம் இவ்வளவு பாரமில்லாததாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பின்னால் நின்றவர்களுக்கு இடம் போதவில்லை. வலப்பக்கத்து அன்ரி என் முழங்கையைத் தட்டினார். "கொஞ்சம் தள்ளுங்கோ பிள்ளை. அங்காலை இடம் கிடக்குத்தானே?"

"ஆள் இருக்கு அன்ரி."

அவர் எட்டிப் பார்த்தார். "ஆர்?"

"அப்பா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வாகை மரத்தைப் பார்த்தார். பிறகு தன் சேலையை ஒதுக்கி மற்றப் பக்கம் நெருங்கி இருந்தார். இப்போது மாதம்தோறும் அந்த இடத்தை விட்டுத்தான் முழங்காலிடுகிறேன்.